கணினித் துறையில் கிறிஸ்தவ வழிகாட்டல்: யார், எதில், எதுவரை?

தசமபாகம் எடுத்து வைக்கிறாயா, வாலிபர் கூடுகைக்கு வருகிறாயா, ஞாயிறு ஆராதனையின் நேரலைக்குக் கேமராவைப் பார்த்துக்கொள்வாயா? மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு விசுவாசியிடம் சபை கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். வயது வந்துவிட்டால் வரன் பார்க்கலாமா என்றும் கேட்கும். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் என்ன எழுதுகிறார், அது யாருடைய வாழ்க்கையில் போய் விழுகிறது, வேலையில் எந்த இடத்தில் அவருக்கு மனம் உறுத்துகிறது என்று கேட்க ஆளில்லை.

நிறுவனமும் ஒரு வழிகாட்டியைத் தருகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு 'மென்டர்' என்று ஒரு சீனியரைக் காட்டுகிறார்கள். அப்ரைசலில் நல்ல ரேட்டிங் வாங்குவது எப்படி, எந்தச் சான்றிதழ் தேர்வு எழுதினால் அடுத்த நிலைக்குப் போகலாம், ஆன்சைட் வாய்ப்பு எந்த பிராஜெக்ட்டில் வரும் என்பதையெல்லாம் அவர் சொல்லித் தருவார். அது தேவையான உதவிதான். ஆனால் அந்த உறவு நிறுவனத்தின் நலன் முடியும் இடத்தில் தானும் முடிந்துவிடும். சபையின் மூத்தவருக்கு வேலை தெரியாது. வேலையின் மூத்தவருக்கு விசுவாசம் பொருட்டில்லை. இரண்டையும் தன் வாழ்க்கையிலேயே சுமந்து பார்த்த ஒருவர் உட்கார வேண்டிய நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

கிறிஸ்தவ வழிகாட்டல் என்ற பெயரில் இன்று நடப்பவற்றில் பெரும்பகுதி வேலையைச் சுற்றியே நடக்கிறது, வேலைக்குள் நுழைவதில்லை. ஜெபக்குறிப்பில் 'வேலைக்காக' என்று ஒரு வரி இருக்கும். அந்த வேலை சரியானதா என்ற விசாரணை இருக்காது. வழிகாட்டல் எழுதும் நிரல் வரை, டைம்ஷீட் வரை, டெஸ்ட் ரிப்போர்ட் வரை போக வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் ஆயராக இருக்க வேண்டியதில்லை, அதே தொழிலில் நரைத்த ஒரு விசுவாசியாக இருக்க வேண்டும் என்பதே என் தரப்பு. இதை வேதத்திலிருந்தும் சபை வரலாற்றிலிருந்தும் கணினித் துறையின் அனுபவத்திலிருந்தும் நம் ஊர் நிலவரத்திலிருந்தும் பார்க்கலாம்.

கூடாரத் தொழிலாளிகள்

வழிகாட்டல் பற்றிய பிரசங்கங்களில் வழக்கமாக வரும் இணைகள் மோசேயும் யோசுவாவும், எலியாவும் எலிசாவும், பவுலும் தீமோத்தேயுவும். மூன்றும் ஊழியத்தின் வாரிசு பற்றியவை. ஒரு தலைவர் போகிறார், இன்னொருவர் அந்த இடத்துக்கு வருகிறார். கணினி முன்னால் உட்காரும் ஒருவருக்கு இவை ஊக்கம் தரலாம், ஆனால் அவருடைய நாளுக்குப் பொருந்துவதில்லை.

பொருந்துகிற இடங்கள் வேறு. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் வருகிறான். பொன், வெள்ளி, வெண்கலம், இரத்தினம், மரம் என்று எல்லாவற்றிலும் கைவேலை செய்ய அவன் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாக வேதம் சொல்கிறது. 35-ஆம் அதிகாரம் அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது: அவனுக்கும் அகோலியாபுக்கும் மற்றவர்களுக்குப் போதிக்கும் இருதயமும் அருளப்பட்டது. தொழில் திறமையும் அதைக் கற்றுக்கொடுக்கும் திறமையும் ஒரே மூச்சில் தேவனுடைய வரமாகச் சொல்லப்படும் இடம் இது. ஒரு நல்ல டேட்டாபேஸ் நிபுணர் தன் ஜூனியருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது ஆவியின் வரத்தோடு சம்பந்தப்பட்டது என்று நம் மேடைகளில் எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கிறது?

இரண்டாவது இடம் அப்போஸ்தலர் 18. கிலவுதியு ராயன் யூதர்களை ரோமைவிட்டுப் போகச் சொன்னதால் கொரிந்துவுக்கு வந்த தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். கூடாரம் பண்ணுவது அவர்கள் தொழில். பவுலுக்கும் அதே தொழில் என்பதால் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பிறகு எபேசுவில் அப்பொல்லோ என்ற வல்லமையான பேச்சாளர் பேசுவதைக் கேட்கிறார்கள். அவர் சொன்னதில் குறையிருந்தது. ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று திருத்தவில்லை. தனியே அழைத்துப்போய் இன்னும் திட்டமாக விளக்கினார்கள். ஒரே தொழில், ஒரே வீடு, தனிமையில் திருத்தம். இந்த வாரமே எந்த ஐ.டி. விசுவாசியும் பின்பற்றக்கூடிய முறை இது. வழிகாட்டியவர்கள் கணவனும் மனைவியுமாக இருந்தார்கள் என்பதும், அந்த நிகழ்ச்சியில் மனைவியின் பெயரை முதலில் சொல்லும் பழைய பிரதிகள் உண்டு என்பதும் பின்னால் நமக்கு உதவும்.

பென்னி வசூலிக்கப் போனவர்கள்

சபை வரலாற்றில் இந்த முறை எப்படி அமைப்பாக மாறியது என்பதற்கு ஜான் வெஸ்லியின் கதை அருமையான சான்று. 1739-இல் பிரிஸ்டலில் வெஸ்லி கட்டிய கூடத்தின் கடன் அடையவில்லை. 1742 பிப்ரவரியில் அதைப் பேசக் கூடியபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரட்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஏழைகளால் அதுவும் முடியாதே என்ற கேள்வி வந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவர் வாரந்தோறும் வீடு வீடாகப் போய் வாங்கட்டும், தர முடியாதவர்களுக்கு அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

காசு வாங்கப் போனவர்கள் கண்டது வேறு. ஒரு வீட்டில் கணவன் குடித்துவிட்டுக் கிடந்தான், இன்னொரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் நேர்மையில்லாத வியாபாரம். வெஸ்லி உடனே புரிந்துகொண்டார். தனக்குத் தெரியாமலிருந்த மக்களின் வாழ்க்கை, வாரம் ஒருமுறை வாசலில் நிற்கும் ஒருவருக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து அந்த வசூல் குழுக்கள் ஆத்தும விசாரிப்புக் குழுக்களாக மாறின. தலைவர்கள் குருமார் அல்லர். பாமர ஆண்களும் பெண்களும்தான், பலர் கைத்தொழில் செய்தவர்கள். மெதடிச இயக்கம் தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர், நெசவாளர் நடுவில் வேரூன்ற அதுவே முதுகெலும்பாயிற்று.

நம் மண்ணிலும் உதாரணம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையிலிருந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிச் சிறுவன் வேதநாயகத்தை அழைத்து வந்து படிக்கவைத்தார். இளம் வயதிலேயே அவரிடம் ஒரு பள்ளிக்கூடமே ஒப்படைக்கப்பட்டது. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார் அப்படி உருவானவர். அதே சுவார்ட்ஸ் இளவரசர் சரபோஜிக்கும் காப்பாளராக இருந்து வளர்த்தார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனாலும் தன் ஆசானுக்குத் தஞ்சைத் தேவாலயத்தில் பளிங்கு நினைவுச்சின்னம் எழுப்பினார். மதம் மாறாதவரும் இப்படி நன்றியோடு நினைக்கும் வழிகாட்டல், பல மதத்தார் அருகருகே உட்காரும் இன்றைய அலுவலகத்துக்கு நல்ல அளவுகோல்.

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து பெல்ஜியத்தின் ஜோசப் கார்டைனைச் சொல்ல வேண்டும். 1925-இல் அவர் வளர்த்தெடுத்த இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம், தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்தது. இந்த வாரம் தொழிற்கூடத்தில் என்ன நடந்தது என்று முதலில் பார்ப்பார்கள், நற்செய்தியின் ஒளியில் அதைச் சீர்தூக்குவார்கள், பிறகு செய்ய வேண்டியதைத் தீர்மானிப்பார்கள். 1961-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் தன் சமூகச் சுற்றுமடலில் இந்த மூன்று படிகளையும் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். பேச்சு வேதாகமத்தில் தொடங்கி வேலைக்கு வருவதற்குப் பதிலாக, வேலையில் தொடங்கி வேதாகமத்துக்குப் போகிறது என்பதே இதன் பலம். ஐ.டி. நிறுவனங்களில் ஸ்பிரின்ட் முடிந்ததும் ரெட்ராஸ்பெக்டிவ் நடக்கிறதே, அதில் என்ன நன்றாகப் போயிற்று, எங்கே தாமதமாயிற்று என்று கேட்பார்கள். நாம் செய்ததில் யாருக்குத் தீங்கு என்று கேட்கமாட்டார்கள். கார்டைனின் குழு கேட்டிருக்கும்.

துறையின் மூத்தவர்கள்

கணினித் துறையின் முன்னோடிகளில் வெளிப்படையாகக் கிறிஸ்தவர்களாக வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்பது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. பெர்ல் நிரல்மொழியை 1987-இல் வெளியிட்ட லாரி வால், எழுத்தில்லாத மொழி ஒன்றுக்கு எழுத்து அமைக்கும் எண்ணத்தோடு மனைவியுடன் மொழியியல் படித்தவர். உடல்நிலை அதைத் தடுத்தது. அவருடைய நிரல்மொழியின் பெயர் சுவிசேஷத்தின் விலையேறப்பெற்ற முத்து உவமையிலிருந்து வந்தது. அல்காரிதம் இயலின் பேராசான் டொனால்ட் குனூத் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். வேதாகமப் புத்தகம் ஒவ்வொன்றிலும் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை எடுத்து ஆராய்ந்து 1991-இல் ஒரு நூலே வெளியிட்டார்; 1999-இல் எம்.ஐ.டி.யில் விசுவாசமும் கணினி அறிவியலும் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1990 தொடக்கத்திலிருந்து மின்னஞ்சலே பயன்படுத்துவதில்லை என்று ஒதுங்கியவரும் அவர்தான். ஆழமான வேலைக்கு நீண்ட தனிமை வேண்டும் என்பது அவர் காரணம். இரவு பதினொரு மணிக்கும் அலுவலக மெசேஜுக்குப் பதில் போடும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியே ஒரு மாதம் பேசப் போதும்.

ஆனால் வழிகாட்டல் என்ற பொருளுக்கு மிக நெருக்கமானவர் ஃபிரெட் புரூக்ஸ். ஐ.பி.எம்.மின் சிஸ்டம்/360 திட்டத்தை நடத்தியவர். பைட் என்றால் எட்டு பிட் என்ற வழக்கம் நிலைபெற்றதில் அந்த இயந்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1964-இல் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் கணினித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டு அதன் தலைவராக இருந்தார். பிந்திப்போன திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று அவர் 1975-இல் எழுதியது இன்றும் ஒவ்வொரு பிராஜெக்ட் மேனேஜரும் அறிந்த விதி. 1999-இல் டூரிங் விருது பெற்றார், 2022-இல் மறைந்தார். இவர் உறுதியான சுவிசேஷக் கிறிஸ்தவர். பல்கலைக்கழக மாணவர் நடுவில் இயங்கும் இன்டர்வார்சிட்டி ஐக்கியத்தில் ஈடுபாட்டோடு உழைத்தவர்.

1980-களின் நடுவில் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று மென்பொருளின் சிக்கலைத் தீர்க்க மந்திரக்கோல் எதுவும் இல்லை என்று வாதிட்டது. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கட்டுரையின் கடைசிப் பகுதி சிறந்த வடிவமைப்பாளர்களை வளர்ப்பது பற்றியது. திறமையுள்ளவர்களைச் சீக்கிரமே கண்டுபிடி, ஒவ்வொருவருக்கும் அவர் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்கும் ஒரு வழிகாட்டியை நியமி, வளரும் வடிவமைப்பாளர்கள் ஒருவரோடொருவர் பழக வாய்ப்புக் கொடு என்கிறார். கருவியில் தீர்வைத் தேடிய ஒரு துறைக்கு, ஆளை வளர்ப்பதில்தான் தீர்வு என்று சொன்னவர் அவர். அதை எழுதிய கையும் மாணவர் ஐக்கியத்தில் உழைத்த கையும் ஒன்றே என்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை.

மேலைநாடுகளில் இன்று அமைப்புகளும் உள்ளன. நியூயார்க்கின் ரிடீமர் சபையில் டிமோத்தி கெல்லர் தொடங்கிய விசுவாசமும் வேலையும் பற்றிய மையத்தை நடத்த அழைக்கப்பட்டவர், தொழில்நுட்ப நிறுவனங்களில் தலைமைப் பொறுப்பு வகித்த கேத்தரின் ஆல்ஸ்டார்ஃப். கனடாவின் வாட்டர்லூவில் தொடங்கிய ஃபெய்த்டெக் பல நகரங்களில் தொழில்நுட்பப் பணியாளர்களைக் குழுக்களாகக் கூட்டுகிறது. நல்ல முயற்சிகள், ஆனால் அவை பேசுவது பெரும்பாலும் ஸ்டார்ட்-அப் தொடங்குபவரின் சிக்கலை. நம் ஊரில் பிரச்சினை இன்னும் கீழே, முதல் வேலை கிடைக்கும் வாசலிலேயே தொடங்குகிறது.

வேலூருக்குக் கிடைத்தது ஓ.எம்.ஆருக்குக் கிடைக்கவில்லை

இந்தியச் சபைக்கு ஒரு தொழிலைக் கிறிஸ்தவ அழைப்பாக வளர்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவத்தைப் பாருங்கள். ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் சிறு அளவில் தொடங்கிய மருத்துவப் பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே ஆசிரியர்களின் குடும்பங்கள் மாணவர்களைத் தங்கள் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 1905-இல் வேர்கொண்ட இந்தியக் கிறிஸ்தவ மருத்துவ சங்கம் இருக்கிறது, சுவிசேஷ மருத்துவ ஐக்கியம் இருக்கிறது, செவிலியருக்குத் தனி அமைப்பு இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ மருத்துவ மாணவி தன் தொழிலின் அறச்சிக்கல்களைக் கேட்க ஒரு மூத்த மருத்துவரைத் தேடினால் கிடைப்பார்.

தரமணியில் டைடல் பார்க் 2000-இல் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) நெடுக, சோழிங்கநல்லூர், சிறுசேரி வரை எழுந்த கட்டடங்களுக்குள் நெல்லை, தூத்துக்குடி, குமரி, மதுரை, திருச்சி என்று எல்லா ஊர் கிறிஸ்தவப் பிள்ளைகளும் போனார்கள். கால் நூற்றாண்டு ஆயிற்று. மருத்துவத்துக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கு ஏற்பாடுகூட இவர்களுக்கு இல்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மருத்துவத்தைச் சபை ஊழியமாகப் பார்த்தது. மென்பொருளைச் சம்பளமாகப் பார்த்தது. அறுப்பின் பண்டிகையில் நெல்லையும் வாழைத்தாரையும் கோழியையும் பலிபீடத்தின் முன் கொண்டுவந்து ஆசீர்வதிக்கத் தெரிந்த சபைக்கு, ஒரு மென்பொருள் பொறியாளரின் விளைச்சல் எது என்று யோசிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

முழுவதும் வெறுமை என்றும் சொல்லிவிடக் கூடாது. 1954-இல் உருவான யு.இ.எஸ்.ஐ. என்ற மாணவர் ஐக்கியம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் செய்திருக்கும் வேலை பெரிது. புரூக்ஸ் உழைத்த அந்த இன்டர்வார்சிட்டியும் இதுவும் ஒரே உலக மாணவர் ஐக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பொறியியல் கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் ஜூனியரோடு தியான வேளை வைத்து, வேதம் வாசிக்கப் பழக்கி, பரீட்சைக்குப் பாடமும் சொல்லிக்கொடுப்பது அங்கே இயல்பாக நடக்கும். பட்டம் வாங்கியவர்களுக்கு இ.ஜி.எஃப். என்ற பட்டதாரிகள் ஐக்கியம் உண்டு. கத்தோலிக்கரிடம் ஐக்கஃப் மாணவர் இயக்கமும் இயேசு சபையாரின் தியானங்களும் உண்டு; நாளின் முடிவில் அந்த நாளைத் தேவன் முன்னால் திருப்பிப் பார்க்கும் இஞ்ஞாசியாரின் பயிற்சி மென்பொருள் பணியாளருக்கு மிகப் பொருத்தமானது. குறை என்னவென்றால், கல்லூரியில் கிடைத்த அண்ணன் வேலைக்குப் போனதும் கிடைப்பதில்லை. ஷிஃப்ட், இடமாற்றம், ஆன்சைட் என்று ஆட்கள் சிதறிவிடுகிறார்கள். வாழ்க்கையில் முதன்முதலாகக் கையில் பணமும் மனதில் குழப்பமும் ஒன்றாக வரும் இருபத்திரண்டு வயதில், கயிறு அறுந்துபோகிறது.

எதைப் பற்றிப் பேசுவது

முதல் வேலையின் வாசலில் நிற்கும் கேள்வி இது: ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போடலாமா? இல்லாத நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் வாங்கி ரெஸ்யூமில் சேர்ப்பதை சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் எங்கும் கேள்விப்படலாம். அதற்கென்றே பணம் வாங்கிக்கொண்டு செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கல்விக்கடன், தங்கை கல்யாணம், கேம்பஸில் வேலை கிடைக்காத அவமானம். இந்த நிலையில் இருக்கும் ஒரு தம்பியிடம் பொய் சொல்லாதே என்று மட்டும் சொன்னால் போதாது. வழிகாட்டுபவர் அவனோடு உட்கார்ந்து உண்மையான ரெஸ்யூமை எழுதித் தர வேண்டும், மாதிரி நேர்காணல் நடத்த வேண்டும், கிடைக்கும் சிறிய சம்பளத்தில் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க வழி சொல்ல வேண்டும். கட்டளையோடு கைத்தாங்கலும் வராவிட்டால் அந்தக் கட்டளை அவனுக்குச் சுமைதான்.

உள்ளே போனபின் வருபவை வேறு. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு டைம்ஷீட்டில் எட்டு என்று போடச் சொல்வது. வேலையே இல்லாதவரின் நேரத்தை கிளையன்ட் கணக்கில் எழுதுவது. டெஸ்ட் செய்யாததைச் செய்ததாகக் கையொப்பமிடுவது. வாடிக்கையாளர் சந்தாவை ரத்துசெய்ய முடியாதபடி பட்டனை ஒளித்துவைப்பது. இதைப் போன்ற பதின்மூன்று வகைத் தந்திரங்களை 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டு வழிகாட்டுநெறி வெளியிட்டது. கடன் செயலி ஒன்றுக்காகக் கைப்பேசியின் தொடர்பு எண்களை மொத்தமாக எடுக்கும் பகுதியை எழுதச் சொன்னால், அந்த எண்களை வைத்துக் கடனாளியின் உறவினரை மிரட்டுவார்கள் என்று தெரிந்தும் எழுதுவதா? இவையெல்லாம் பிரசங்கத்தில் வராதவை. தனியே ஒரு தேநீர்க் கடையில்தான் வெளியே வரும்.

மேலதிகாரி சொன்னதைச் செய்தேன் என்பது தப்பவைக்காது என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் வழக்கு சாட்சி. டீசல் வண்டி பரிசோதனையில் இருக்கிறதா சாலையில் ஓடுகிறதா என்று கண்டுபிடித்துப் புகையளவை மாற்றிக் காட்டும் மென்பொருள் 2015-இல் அம்பலமானது. அதில் பங்கெடுத்த ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 2017-இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறையும் இரண்டு லட்சம் டாலர் அபராதமும் விதித்தது.

இன்னொரு வழக்கு சபைக்கு நேரடியாகவே பாடம். பிரிட்டன் அஞ்சல் துறை 1999 முதல் நிறுவிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளில் பிழைகள் இருந்தன. அது காட்டிய பொய்யான பற்றாக்குறையை நம்பிக் கிளை அஞ்சலகம் நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை போனார்கள், பலர் வீடிழந்தார்கள். 2019-இல் நீதிமன்றம் மென்பொருளின் குறைகளை உறுதிசெய்தது. 2024-இல் தண்டனைகளை ரத்துசெய்யப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2012 முதல் 2019 வரை அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த பாலா வென்னல்ஸ், ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். அவருடைய உள்ளத்தை நான் நியாயந்தீர்க்கவில்லை. கேட்பது இதுதான்: ஞாயிறு பீடத்தில் நின்ற ஒருவரிடம், திங்கட்கிழமை இந்த மென்பொருள் சொல்வது உண்மைதானா, தண்டிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டீர்களா என்று நெருங்கிக் கேட்கும் உரிமையுள்ள ஒரு விசுவாசி அருகில் இருந்திருந்தால்? பக்தி தனியாக ஒரு மனிதரைக் காக்காது. கேள்வி கேட்கும் நட்பு வேண்டும், அந்த நட்புக்கு வேலையின் நுணுக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

அபாயங்கள்

வழிகாட்டலைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் தவிர்க்கும் பகுதி இது. 1970-களில் அமெரிக்காவில் 'மேய்ப்பு இயக்கம்' என்று ஒன்று பரவியது. ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்குக் கீழ்ப்பட வேண்டும் என்றார்கள். வேலை மாற்றம், திருமணம், வீடு வாங்குவது எல்லாவற்றுக்கும் அவர் அனுமதி என்ற அளவுக்கு அது போயிற்று. அதன் தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சென்னையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற கிறிஸ்தவப் பேச்சாளர் ரவி சகரியாஸின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஐ.டி. இளைஞர்கள் ஏராளம், அவர் மறைந்தபின் 2021-இல் அவருடைய அமைப்பே நியமித்த சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை அவர் பல பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதை வெளிப்படுத்தியது. ஆவிக்குரிய தகப்பன் என்ற இடத்தைக் கேள்விக்கு அப்பால் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வழிகாட்டுபவருக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும். சந்திப்பு நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் விலக நினைத்தால் குற்றவுணர்வில்லாமல் விலக முடிய வேண்டும்.

அலுவலகத்துக்கே உரிய அபாயமும் உண்டு. தன் கீழே வேலை செய்பவருக்கு மேனேஜரே ஆவிக்குரிய வழிகாட்டியாகக் கூடாது. ரேட்டிங் கொடுக்கும் கை ஜெபிக்கத் தலையில் வைக்கப்படும்போது, எதிரில் இருப்பவர் மனம் திறந்து பேசுகிறாரா, அப்ரைசலுக்காகப் பேசுகிறாரா என்று யாருக்கும் தெரியாது. கிறிஸ்தவர் என்பதற்காக மட்டும் ரெஃபரல் கொடுப்பதும் அதே அநியாயம்தான். பக்கத்து இருக்கையில் உட்காரும் வேறு மதத்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது, பேசத் தயங்குகிற சாதி. நம் சபைகளில் சாதி இருக்கிறது. வழிகாட்டல் தானாக நடக்கட்டும் என்று விட்டால் அது சொந்தக்காரர், சொந்த ஊர், சொந்தச் சாதி என்ற தடத்திலேயே ஓடும். மாமா ஏற்கெனவே நிறுவனத்தில் இருக்கும் பையனுக்கு இன்னொரு மாமா கிடைப்பார். குடும்பத்தில் முதல் பட்டதாரியான தலித் கிறிஸ்தவப் பெண்ணுக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிக்கான உரிமைகள் மறுக்கப்பட்டே வருகின்றன. அரசு கைவிட்ட இடத்தில் சபையும் கைவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? எனவே இது திட்டமிட்டு நடக்க வேண்டும். யாருக்கு யார் வழிகாட்டுவது என்பதைத் தற்செயலுக்கு விட்டால் அநீதிதான் நடக்கும்.

பெண்கள் விஷயமும் அப்படியே. இரவு ஷிஃப்ட், திருமணத்துக்குப் பின் ஊர் மாற்றம், பிரசவத்துக்கு எடுத்த இடைவெளிக்குப் பின் மீண்டும் வேலை தேடும் போராட்டம் ஆகியவற்றை ஒரு மூத்த சகோதரியே அறிந்து பேச முடியும். துறையில் இருபது வருடம் தாக்குப்பிடித்த பெண்கள் குறைவு என்பதால் அவர்கள்மேல் சுமை கூடும். இங்கேதான் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா முறை கைகொடுக்கும்: இருவரும் வேலை பார்க்கும் தம்பதி, தங்கள் வீட்டில், இளையவர்களைச் சந்திப்பது.

இப்போது ஏன் அவசரம்

2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தன் பெயருக்கான காரணத்தைச் சொல்லும்போது 1891-இல் தொழிலாளர் பற்றிச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் சவாலைக் குறிப்பிட்டார். அதே ஆண்டு ஜனவரியில் வத்திக்கான் செயற்கை நுண்ணறிவு பற்றித் தனி ஆவணமே வெளியிட்டிருந்தது. ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் இரண்டு சதவீதத்தினரை, சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பாதிக்கப்படுவோரில் இடைநிலை, மேல்நிலைப் பணியாளர்களே அதிகம் என்றார்கள்.

வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் லேப்டாப் பையோடு கிளம்புகிறவர்கள் உண்டு. வீட்டுக்கடன் தவணை நிற்கும், சபையில் 'வேலை எப்படி' என்ற கேள்விக்குப் பயந்து ஞாயிறும் வராமல் போவார்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் பதவி உயர்வுக்கு மட்டுமே மைக் கொடுத்துப் பழகிய சபைக்கு இவர்களை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. சம்பளமே ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று கற்றுக்கொடுத்திருந்தால், சம்பளம் நின்ற நாளில் அவர் தேவனும் கைவிட்டதாகத்தானே எண்ணுவார்? அந்த நாளுக்கு முன்பே ஒரு மூத்தவர் பழகியிருந்தால், முதல் போன் அவருக்குப் போகும். அவர் வங்கிக்கு எழுதும் கடிதத்தில் உதவுவார், மனைவியிடம் சொல்லும்போது கூட இருப்பார், புதிய திறன் எதைக் கற்கலாம் என்று தொழிலறிவோடு சொல்வார்.

சென்னையிலோ பெங்களூரிலோ கோவையிலோ இத்துறையில் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய விசுவாசி நீங்கள் என்றால், இந்த வேண்டுகோள் உங்களுக்கு. உங்கள் சபையில் இரண்டு இளையவர்களைத் தேடிக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் ஊரையோ உறவையோ சேராதவராக இருக்கட்டும். உங்கள் நிறுவனத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் வேண்டாம். மாதம் ஒருமுறை உட்காருங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல், இந்த மாதம் என்ன எழுதினாய், அதை யார் பயன்படுத்துவார்கள், எதில் கையொப்பமிடத் தயங்கினாய் என்று கேளுங்கள். ஆயர்களே, இதற்குப் புதிய கமிட்டி வேண்டாம். உங்கள் சபைப் பதிவேட்டில் இப்படிப்பட்ட மூத்தவர்கள் யார் யார் என்று இந்த மாதமே குறித்து, அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து இந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.